இறகு இல்லாத பாடகர்

பாரிசின் லா சப்பல் மெத்ரோ நிலையத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஏதோ விழாக் குழுவின் தலைவர், மற்றவர் செயலாளர் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"விழாவுக்குப் பாட வாறவர் தலையிலை இறகு வைக்காமல் வந்தால் சனம் நம்பாது, தம்பி," என்றார் தலைவர்.

"அண்ணை, அவர் ஒஜிப்வே. அமெரிக்காவின்ரை பூர்வீகச் சனம். முப்பது வருசமாத் தங்கடை ஏரிக்கும் காணிக்குமாப் பாடி, மறியலுக்கும் போய் வந்த மனுசன். கோட்டும் கண்ணாடியும்தான் போடுறவர்."

"நோட்டீசிலை தலை நிறைய இறகோடை படம் போட்டாச்சே!"

"அது அவரின்ரை படமில்லை அண்ணை. நீங்கள் இன்ரநெற்றிலை எடுத்த ஆரோ ஒரு நடிகன்."

"வடிவா இருந்தது, போட்டனான். வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை எல்லாம் முடிய அவருக்கு அஞ்சு நிமிசம்தான் மிஞ்சும். அதுக்கு ஒரு இறகை வைச்சால் என்ன குறைஞ்சு போகும்?"

"கேட்டு எழுதினனான். இறகு வைக்கச் சம்மதமாம். ஆனால் நீங்கள் மேலுக்குச் சட்டையில்லாமல், வெறும் வேட்டியோடை விமான நிலையத்துக்கு வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போக வேணுமாம். இல்லையெண்டால் வரமாட்டாராம்."

தலைவர் தன் தடித்த ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"என்ன கதை இது? பாரிசிலை இருக்கிற மனுசனை, பழைய படத்திலை பாத்த மாதிரி வரச் சொல்லுறதோ?"

"அதைத்தான் அவரும் எழுதியிருக்கிறார், அண்ணை."

மெத்ரோ வந்து நின்றது. தலைவர் ஏறவில்லை.

"அந்த நோட்டீசை எங்கையெங்கை ஒட்டினாய்?" என்று கேட்டார்.