மெல்ல மிதிங்க டீச்சர்

— இந்தப் பிடியை இடப்பக்கம் தள்ளிட்டு மெல்ல மிதிங்க டீச்சர். மிதிக்கிற காத்தில பியானோ தானா வாசிக்கும், சத்தம் மட்டும் குறையும்.

— குறையக் கூடாது எண்டுதானே சொல்லுறன், ஜமால்தீன்.

— உள்ளுக்குக் கம்பியில தட்டுற சுத்தியல்ல ஒட்டியிரிக்கிற கம்பளி தேஞ்சி போச்சி. துருத்தியும் வெடிக்கப் பாக்குது. இப்பிடிப் போட்டு மிதிச்சா கம்பி அறும். சண்டையால றோட்டுப் பூட்டு, கொழும்பில இருந்து ஒரு ஆணியும் வராது.

— தேயட்டும். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகேக்க என்ர மனுசன் வாங்கி வைச்சது. அவரும் போயிட்டார். இனி ஆருக்கெண்டு பொத்திப் பொத்தி வைக்க?

— நான் சும்மா சொல்லல்ல டீச்சர்.

— இஞ்ச பாருங்கோ. அவர் இருக்கேக்கையும் நீங்கள்தான் திருத்தினது, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இண்டைக்கு நான் ஆளனுப்பேல்லை. கிண்ணியாவில இருந்து வள்ளமேறி நீங்களா வந்திருக்கிறீங்கள். இவ்வளவு நாளும் ஆளைக் காணேல்லை. எங்க போனனீங்கள்?

— புல்மோட்டைக்கு. தங்கச்சிட ஊட்டுக்கு.

— சரி, இருங்கோ. தேத்தண்ணி ஊத்தட்டே?

— வேணாம். சத்தத்தக் குறைக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்க.

— ஏலாது. என்ர ஆனந்தனைக் கொண்டுபோய் அந்த மதிலுக்கு அங்கால, ஆமி முகாமுக்குள்ள வைச்சிருக்கினம். வாசலில நிண்டு கேட்டா அப்பிடி ஒருத்தரும் இல்லையாம். எனக்குத் தெரியும், அங்கதான் இருக்கிறான். நான் பேர் சொல்லிக் கூப்பிட ஏலுமே? பின்னேரத்தில இந்த ஒரு பாட்டுத்தான். சின்னனில என்ர மடியில இருந்து கேட்ட பாட்டு. அது கேட்டா, அம்மா இன்னும் வீட்டில இருக்கிறா எண்டு விளங்கும். வேற என்ன கிடக்கு என்னட்ட?

— அவருக்கு விளங்குது டீச்சர்.

— உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

— நான் புல்மோட்டைக்குப் போகல்ல. அங்கதான், உள்ளுக்குத்தான் இருந்த. முந்தாநாள்தான் உட்டானுகள்.

— என்ர பிள்ளை?

— உசிரோட இரிக்கார். ஒரே அறையிலதான் கிடந்தம்.

— பாட்டு? பாட்டுக் கேட்டவனே?

— ஒவ்வொரு நாளும். கேக்கக்குள்ள அழுவார்.

— பாத்தீங்களே. பிறகும் குறைக்கச் சொல்லுறீங்கள். கம்பி அறட்டும், நான் இன்னும் பலமா மிதிப்பன்.

— அவர்தான் என்னய அனுப்பின. பியானோ தேயுதெண்டு மட்டும் சொல்லுங்க, காரணத்த அம்மாட்ட சொல்லிராதீங்க எண்டார்.

— என்ன காரணம்?

— உங்கட பாட்டுத் தொடங்கினாத்தான் அவனுகள் கதவத் துறக்கிற, டீச்சர். அப்பதான் அடிக்கிற. நாங்க கத்துறது வெளிய றோட்டுக்குக் கேக்காதாம்.