இல்லாத முகாமின் குரல்கள்

பேணாட்டண்ணையைப் பற்றிப் பிறகு கேளுங்கோ ஐயா, அவர் எங்க போறார்? முதல்ல நான் பேசிக்காட்டுற முகாம் பெரிய சேரின்ர குரலைப் பிடியுங்கோ, உங்கட படத்துக்கு அதுதான் எடுப்பு.

இஞ்ச முகாம் ஒண்டும் இல்லை. ஆரையும் அடிக்கிறதும் இல்லை. ஏய், அந்தப் பொல்லைக் கொண்டா!

பாத்தியளே, சிரிச்சுப்போட்டியள். இல்லாத முகாமில, இல்லாத கதிரையில என்னைக் கட்டி வைச்சுத்தான் அவர் இப்பிடி விளங்கப்படுத்தினவர்.

ஏன் பிடிச்சவங்களோ? இதுக்குத்தான். கிண்ணியாத் துறையில நிண்டு, அவற்ர குரலில, பாதையைத் திருப்படா எண்டு கத்தினன். பாதை எண்டால் வாகனம் ஏத்திக் கடக்கிற மிதவை, அது பாதித் தண்ணியால திரும்பி வந்துது. அதுக்குள்ள ஒரு ஜீப். ஜீப்புக்குள்ள பெரிய சேர்!

உள்ளுக்கு எல்லாருக்கும் கண் கட்டு. ஆளை ஆள் குரலாலதான் தெரியும். அடிச்சு ஓஞ்சால் நான் தொடங்குவன். சமையல்காரன்ர கொட்டாவி, காவல்காரன்ர பாட்டு, எல்லாம் வரும். சேரின்ர குரலில தண்ணி கொண்டா எண்டால், காவல்காரன் எஸ் சேர் எண்டு வாளியோட ஓடி வருவான். பக்கத்தில கிடந்த பேணாட்டண்ணை சத்தம் வராமல் சிரிச்சுக் குலுங்குறது என்ர தோளில தெரியும்.

வெளிச்சம் காணுமோ? எங்களோட இருந்த ஜமால்தீன் நானாவை நேற்று ரெண்டாந்தரம் அழச் சொன்னியளாம், வெயில் மாறிட்டுது எண்டு. அங்கயும் சொன்னதைத் திரும்பச் சொல்லு எண்டுதான் கேட்டவங்களாம். தேத்தண்ணி மட்டும் தரேல்லையாம்.

சரி, சரி, பேணாட்டண்ணை. மெல்லக் கதையுங்கோ. குசினியில தேத்தண்ணி ஊத்துறது அவற்ர அம்மா, றீற்றா மாமி. மகனை வேறெங்கயோ மாத்திட்டாங்கள் எண்டு நினைச்சு, அவற்ர சேட்டைத் தோய்ச்சுத் தோய்ச்சுக் காயப்போடுறா. என்னைக் கண்டால், டேய் லெஸ்லி, என்னை மாதிரிக் கதைச்சுக் காட்டடா எண்டு கேப்பா. முந்தி அதுக்கு வயிறு நோகச் சிரிக்கிறவ. இப்ப தொண்டை கட்டிப்போச்சு மாமி எண்டு சமாளிக்கிறன்.

ஏனெண்டோ? முதல்ல மெசினை நிப்பாட்டுங்கோ.

நிப்பாட்டிட்டியளோ?

உள்ளுக்கு இருக்கேக்க பேணாட்டண்ணைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிச்சுது. அம்மா, அம்மா எண்டு தேடினார். நான் மாமியின்ர குரலை எடுத்தன். சோறு ஆறுது, எழும்பி வா மகன் எண்டன். ஓமம்மா, கை கழுவிப்போட்டு வாறன் எண்டார்.

பிறகு கதைக்கேல்லை.

மாமி வாறா. கண்ணைத் துடையுங்கோ ஐயா, கெதியா.