மனைவியின் எச்சில் உதவாது என்றார்கள்

“படு! படு!”

மாமா கத்துகிறார். ஷெல் விசிலடித்துக்கொண்டு வருகிறது. பிறகு ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு மண். வாயில், கண்ணில், காதில் மண். மாசி மாதம், வெள்ளிக்கிழமை, அப்போதுதான் விடிந்திருந்தது. வன்னிக் கடற்கரையில் எங்கள் பதுங்குகுழி. அம்மா வாசல் பக்கம் இருந்தாள். கதிர் என் மடியில் இருந்தான். என் மகன். மூன்று வயது. இரண்டு பேரும் அசையவில்லை.

அங்கேயே புதைத்தோம். மாமா தண்ணீர் தேடிப் போனார். மறுபடி விசில். மறுபடி. அவர் திரும்பி வரவில்லை.

மாமாதான் என் கணவர். அம்மாவின் ஒரே தம்பியும் அவர்தான். நாங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள். எங்களில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம். வன்னியில் பக்கத்து வீட்டார் முகம் சுளித்தார்கள். “தாய்மாமனைக் கட்டுறதோ?” சுளிக்கட்டும். நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம்.

அகதியாகக் கடல் தாண்டி வந்து, இப்போது மைசூர். மண்டி மொஹல்லாவில் ஒரு மொத்தக் கடையில் பூண்டு உரிக்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் தாலிக்கயிறு மாற்றுவேன். “போன மனுசனுக்கு இன்னும் எதுக்குக் கயிறு?” என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். போனதை யார் பார்த்தது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தக் கரையில் பெயரில்லாத எலும்புகளைத் தோண்டி எடுத்தார்களாம். சொந்தக்காரர்களின் எச்சிலோடு ஒப்பிட்டு, வம்சக்கொடி வரைந்து, ஆளைக் கண்டுபிடிப்பார்களாம். நானும் பெயர் கொடுத்திருந்தேன். ஆய்வுக்கூடத்துப் பெண் கடைக்கே வந்தாள். மைசூர்க்காரி. தேடுவது கணவரை என்றதும் உதட்டைப் பிதுக்கினாள்.

“பெண்டாட்டி எச்சில் யூஸ் ஆகாதும்மா. ரத்த சொந்தம் வேணும். அவருக்கு அண்ணன் தம்பி, பிள்ளைங்க யாராவது?”

யாரும் இல்லை. அவள் பையை மூடினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

“மூடாதம்மா! அவரு எங்கம்மா கூடப் பொறந்த தம்பி.”

“ஹௌதா? அப்படியா? சொந்தத் தாய்மாமனா?”

பை மறுபடி திறந்தது. பூண்டு வாசம் போக வாய் கொப்பளிக்கச் சொன்னாள். கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுத்துப் போனாள்.

ஆவணியில் அவளிடமிருந்து போன் வந்தது. ஓர் எலும்பு என்னோடு ஒத்துப்போகிறதாம். தாய்மாமன் எவ்வளவு ஒத்துப்போக வேண்டுமோ அவ்வளவு.

“உங்க மாமாதாம்மா,” என்றாள்.

பூண்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். வாசலில் ஓர் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ அதட்டி நிறுத்தினார்கள்.

மறுநாள் காவிரிக்குப் போனேன். பழைய கயிற்றை ஆற்றில் விட்டேன். புதுக்கயிறு வாங்கிக்கொண்டு போகவில்லை.

அம்மா. கதிர். தாய்மாமன். கணவர்.

இழந்தது நான்கு உறவு. மூன்று உடல். அதில் ஒன்று கிடைத்திருக்கிறது.