இரண்டு தட்டு

பேரிங்கைத் தண்ணீரில் கழுவக் கூடாது, சார். நிறையப் பேர் செய்கிற தப்பு இது. சேறு பட்டதும் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே துரு ஏறி, சக்கரம் முனக ஆரம்பித்துவிடும். ஸ்பிரிட்டில் ஊறவைக்க வேண்டும், துணியில் உலர்த்த வேண்டும், அப்புறம் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அத்தானின் லாங்போர்டில் சக்கரத்தைச் சுண்டிவிட்டால், நீங்கள் இந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை சத்தமில்லாமல் சுற்றும்.

அத்தானை உங்களுக்குத் தெரியும். மலைப்பாதையில் நீளப் பலகைமேல் நின்றுகொண்டு கார்களை முந்தி இறங்குகிறவர். தலைக்கவசத்தில் கழுகுப் படம் இருக்கும். 'கழுகு' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தால் அக்காவும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். பாவம், அடுப்படியிலிருந்து "கழுகு, கேஸ் தீந்துடுச்சு" என்று ஒருமுறை குரல் கொடுத்தாள்.

நான் அக்காவின் தம்பி. அவர்கள் வீட்டு கார் ஷெட்டில் இருக்கிறேன். கார் வெளியே மழையில் நிற்கும். பலகைகளும் நானும் உள்ளே இருப்போம். சக்கரங்கள் ஒரே பக்கம் தேயாமலிருக்க முன்னதைப் பின்னதாக மாற்றிப் போடுவேன். கால் வழுக்காமலிருக்க மேலே ஒட்டியிருக்கும் சொரசொரப்புத் தாளைத் தேய்த்துச் சுத்தம் செய்வேன். கடைசியில் விரல் முட்டியால் பலகையை இரண்டு தட்டு. விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். நன்றாயிருந்தால் கணீரென்று கேட்கும். அந்த இரண்டு தட்டைக் கேட்காமல் அத்தான் ஏறவே மாட்டார். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஊருக்குத் தெரிந்தது வேறு. வீடியோக்களில் அவர் தரையில் சப்பணமிட்டு, ஸ்பேனரைக் கையில் எடுத்து, "என் போர்டை என் கை தவிர வேற கை தொட்டதில்ல. பாதுகாப்பு ஒரு தவம்" என்பார். அவர் பிடித்திருப்பது சக்கரத்துக்கான ஸ்பேனர், திருகுவது நடு போல்ட்டை. கவ்வவே கவ்வாது. காற்றைத்தான் திருகிக்கொண்டிருப்பார். லட்சக்கணக்கானோர் பார்த்துக் கைகூப்பினார்கள்.

எனக்கு அதில் வருத்தமில்லை. பெரிய கம்பெனி ஒன்று அவரைத் தத்தெடுக்கும்வரை இல்லை.

"கம்பெனிலேர்ந்தே ஆள் வராங்களாம்டா. ஷெட்ட அவங்களுக்கு விடணுமாம். நீ எங்கயாவது ஒரு வேலை பாத்துக்கோயேன்" என்றாள் அக்கா, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே. என் சட்டைகளைத் தனியாக அடுக்கினாள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்கு வேறு வாசல் கிடையாது.

கம்பெனி வைத்த அறிமுக விழாவில், மேடைக்குப் பக்கத்தில் அத்தானிடம் போய்க் கேட்டேன். "அத்தான், மேடையில ஒரு வார்த்தை. போர்டைப் பாத்துக்கறது என் மச்சான்னு. அது போதும், கம்பெனிக்காரங்களே என்னை வெச்சுப்பாங்க."

"மாப்ள, கழுகு பறக்கறதப் பாக்கத்தான் ஜனம் வருது. றெக்கைய யாரு சீவிவிட்டான்னு எவன் கேக்கறான்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். மேடையேறினார். என் கை தவிர வேறு கை தொட்டதில்லை என்றார். கைத்தட்டல் ஓய நேரமானது.

மறுநாள் கம்பெனியின் தொடக்க ஓட்டம். அவர் வாக்கை மதித்து அன்று போர்டைத் தொடாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் வேலையில் ஒரு கோளாறு உண்டு, சார். நான் ஒருநாள் தொடாவிட்டால் ஒன்றுமே ஆகாது. முந்தின நாள் வேலை அப்படியே நிற்கும். ஆகவே தொட வேண்டியதாயிற்று.

சக்கரங்களைத் தாங்கும் இரும்பை ஒரே ஒரு நடு போல்ட்டுதான் பலகைக்கு அடியிலுள்ள தகட்டோடு பிடித்திருக்கிறது. அதன் நட்டுக்குள் ஒரு நைலான் வளையம் இருக்கும். ஓட்டத்தின் அதிர்வில் நட்டு கழலாமல் கவ்வுவது அதுதான். பலமுறை கழற்றி மாட்டினால் வளையம் தேய்ந்துவிடும். தேய்ந்த நட்டை நான் தூக்கிப் போட்டுவிடுவேன். ஒன்றை மட்டும் வைத்திருந்தேன், அக்கா சட்டைகளை அடுக்கிய நாளிலிருந்து.

நல்ல நட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். சின்னச் சறுக்கல், முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான் கணக்கு. பயந்துபோய், "இனி மச்சான் பாக்காம ஏற மாட்டேன்" என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்வார். நான் கெட்டவன் இல்லை.

விடியற்காலையில் நானே ஏறி இறங்கிப் பார்த்தேன். முதல் வளைவில், புல்வெளி ஓரமாக, சக்கரம் ஆட ஆரம்பித்தது. அங்கே விழுந்தால் சிராய்ப்புதான். ஆனால் அங்கே கூட்டம் இருக்காது. விழுந்ததையே எழுந்து வித்தையாகக் காட்டிவிடுவார். எனக்கு அவரைத் தெரியும். அதனால் நட்டை இன்னும் அரைச்சுற்று முறுக்கினேன். அடுத்த வளைவுவரை தாங்கும், கூட்டம் அங்கேதான் நிற்கும். அங்கே கற்சுவர் இருக்கிறது.

கிளம்புமுன் அத்தான் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டை என்னிடம் நீட்டினார். "தட்டுடா, சீக்கிரம்." கை நடுங்கியது. அவர் கையைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் நடுங்கும், ஊருக்குத் தெரியாது. நான் இரண்டு தட்டு தட்டினேன். கணீரென்று கேட்டது. பலகையில் குறையில்லையே. அவர் முகம் தெளிந்தது.

இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அக்கா என் தோளில் சாய்ந்து, "நீயாவது கூட இருக்கியேடா" என்று அழுதாள். கம்பெனி ஆட்கள் திரும்பிப் போனார்கள். ஷெட்டு என்னிடமே இருந்தது. அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. திட்டியாவது சொல்வார் என்று காத்திருந்தேன். 'மச்சான் கவனிக்காம விட்டுட்டான்' என்றால்கூடப் போதும்.

படுக்கையிலிருந்தே பேட்டி கொடுத்தார். "அன்னிக்கு ஒவ்வொரு நட்டையும் நானேதான் முறுக்கினேன். தப்பு என்னோடது." நாடே அழுதது. என்ன ஒரு பெருந்தன்மை என்றார்கள். கம்பெனி அவரைப் பாதுகாப்புத் தூதர் ஆக்கிவிட்டது. சுவரொட்டியில் அதே ஸ்பேனரோடு சிரிக்கிறார்.

அறையில் யாருமில்லாதபோது சொன்னேன். "அத்தான், நட்டை மாத்தினது நான்தான்."

என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வாய மூடுறா. இதுலயும் பங்கு கேட்டு வந்துட்டியா?"

அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். அதிர்ச்சியில் உளறுகிறாய், வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று நீங்களும் மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். இதோ, அன்று கழற்றிய நல்ல நட்டு. வளையத்தைத் தடவிப் பாருங்கள், புதுசு. அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தானுக்காக ஏதோ கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு திருத்தம், சார். ஏட்டய்யா 'நட்டு கழன்றுவிட்டது' என்று எழுதுகிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். நான் முறுக்கிய எந்த நட்டும் இதுவரை தானாகக் கழன்றதில்லை. அந்த நட்டும் நான் சொன்ன இடத்தில்தான் கழன்றது.