தண்ணீர் வராத போர்வெல்லுக்கு ஒரு பக்கம்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்து. என் முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த இளைஞரிடம் சொன்னது காதில் விழுந்தது. கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

“தண்ணி வராத போர்வெல்லுக்கும் நம்ம வெப்சைட்டுல தனியா ஒரு பக்கம் வேணும் தம்பி.”

“ஏனுங்க்கா, போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாருமே தண்ணி பீச்சியடிக்கற போட்டோவைத்தான் போடச் சொல்றாங்க. நீங்க என்னங்க இப்படி?”

“வந்த எடத்தை எல்லாருந்தான் காட்டறாங்க. வராத எடமும் தெரிஞ்சா, பக்கத்துக் காட்டு விவசாயிங்க கடனை வாங்கி அங்கயே ஓட்டை போட மாட்டாங்கல்ல?”

“அப்பறம் உங்களை ஆருங்க கூப்புடுவாங்க?”

“உள்ளதைச் சொல்றாங்கன்னு கூப்புடறவங்க கூப்புடட்டும்.”

சங்ககிரி தாண்டும்வரை அந்த இளைஞர் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டே வந்தார்.

“சரிங்க்கா, இதுக்குன்னே தனியா புரோகிராம் எழுதித் தாரேன். ஊரு, எத்தனை அடி, போட்டோ எல்லாம் நீங்களே போன்ல ஏத்திக்கலாம். என்னைக் கூப்புட வேண்டியதே இல்லைங்க. தப்பா ஏத்திட்டீங்கன்னா அழிக்கறதுக்கு ஒரு பட்டனும் வெச்சுடறேன்.”

“அது மட்டும் வேண்டாம். தப்புன்னா உங்களையே கூப்புடறேன்.”

“ஏனுங்க்கா?”

அந்தப் பெண் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரிக் வண்டிக்காரன் காட்டுலயே தண்ணி இல்லைன்னு ஊரு சிரிக்குமில்ல. பட்டன் இருந்தா எங்கூட்டுக்காரரு மொத வேலையா அந்தப் பக்கத்துலருந்து எங்க காட்டைத்தான் அழிப்பாரு.”