கைப்பேசிக் கூடையின் பொறுப்பாளர்

எனக்குச் சினிமா என்றால் கொள்ளை ஆசை. சினிமா வகுப்புக்கு ஒரு நாள்கூட நான் மட்டம் போட்டதில்லை. பதிவேட்டைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும்.

புதன்கிழமை மதியம் படம். மறுநாள் காலை ஒரு பக்கக் குறிப்பு. "படம் என்ன சொல்லுதுன்னு எழுதாதீங்க. உங்களுக்குள்ள என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க" என்பார் பேராசிரியை. எனக்குள் எதுவும் நடக்கவில்லை. நாயகன் செத்தான், எனக்குப் பசித்தது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு இரண்டு.

நல்லவேளை, பக்கத்து இருக்கையில் குழாய் இருந்தாள். திறந்தால் கொட்டும் என்பதால் வகுப்பே வைத்த பெயர். திரையில் பெயர்ப் பட்டியல் ஓடும்போதே மூக்கை உறிஞ்சுவாள். நான் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கே உதட்டைக் கடிக்கிறாள், எங்கே கைக்குட்டையைத் தேடுகிறாள், எல்லாவற்றையும் எனக்கே நடந்ததாக எழுதினேன். பேராசிரியை உருகிப்போனார். வாராவாரம் என் குறிப்பைத்தான் வாசித்தார். குழாயும் கைதட்டினாள்.

"எப்படிடா? எனக்குத் தோணுனதை அப்படியே எழுதுற?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றுமே இருந்ததில்லை.

திடீரென்று அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டதாம், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம். திரையில் சவப்பெட்டி போகிறது, இவள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பத்துக்கு மூன்று. நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது கடைசிப் படம். அந்தக் குறிப்பை வைத்துத்தான் வருடத்தின் பதக்கம். படம் தொடங்குமுன் எல்லோரும் கைப்பேசியை ஒரு கூடையில் போட வேண்டும்; அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் காலடியில்தான் இருக்கும். விளக்கணைந்து ஐந்தாவது நிமிடம் குழாயின் கைப்பேசி ஒளிர்ந்தது. அவள் அம்மா அனுப்பிய செய்தி.

"அப்பாவுக்குத் திடீர்னு ரொம்ப முடியல. உன்னையேதான் கேக்குறாரு. உடனே வாம்மா."

ஆஸ்பத்திரி அடுத்த தெருவில். நடந்தால் பத்து நிமிடம்.

கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். முக்கால்வாசி இருட்டு, அவள் முகம் சரியாகத் தெரியாது. முடிவில்தான் திரை முழுக்கப் பனி, பளீரென்ற வெள்ளை. கூடையின் மேல் என் பையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நடுவில் வந்த கோமாளித்தனத்துக்கு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பொழுது நன்றாகத்தான் போனது. பைக்கடியில் இன்னும் பதினோரு முறை ஒளிர்ந்தது.

படம் தொடங்கி ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் பனி வந்தது. கைப்பேசியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அந்த முகத்தில் தெரிந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன், வாங்கிப் படியுங்கள். ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குக் கால் மணி முன்னால் அவர் கண்ணை மூடிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பத்துக்குப் பத்து. வாசிக்கும்போது பேராசிரியைக்கே குரல் தழுதழுத்தது, வகுப்பே விசும்பியது. பக்கத்து இருக்கை மட்டும் காலி. கேட்கக் கேட்க, என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, வாழ்க்கையில் முதல்முறையாக. குழாய் திரும்பி வந்ததும் முதலில் இதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். ரொம்பச் சந்தோஷப்படுவாள்.