ஆடிச் சீராகக் கொடுத்த குதிரை

மாடன் அடித்த லாடம் அவ்வளவு லேசில் கழன்று வராது, ஐயா. தென்காசியில் குதிரைக்கு லாடம் கட்ட அவனை விட்டால் ஆள் இல்லை. ஐந்தருவி இறக்கத்தில் ஜட்கா கவிழ்ந்ததற்கு அவன் ஆணியைச் சரியாக இறக்காததுதான் காரணம் என்று நேற்றிலிருந்து அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நடந்ததை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் காந்திமதிநாதன். எங்கள் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும். நிலபுலம் கரைந்தபிறகும் எங்கள் வீட்டில் குதிரை இல்லாமல் இருந்ததில்லை. ஐம்பத்தாறில் மதராஸுக்குப் போய், ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு ஜாதிக் குதிரையை வாங்கி ரயிலில் ஏற்றி வந்தேன். சுல்தான் என்று பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் வம்சத்தைச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். இந்தக் குதிரைகள் உலகத்தில் எங்கே ஓடினாலும் சரி, அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மேலே போனால் கடைசியில் மூன்றே மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும். அரபு நாட்டுப் பக்கமிருந்து வெள்ளைக்காரன் தன் ஊருக்குக் கொண்டுபோன ஆண் குதிரைகள் அவை. அங்கே இருந்த பெட்டைக் குதிரைகளோடு அவற்றைச் சேர்த்தான். பிறந்தது இரண்டு பக்கத்தையும் மிஞ்சிவிட்டது. நெஞ்சு பெரிது, எலும்பு மெல்லிசு. ஆனால் அந்த எலும்பு முறிந்தாலும் ஓட்டத்தை நிறுத்தாது. வலியைக் காட்டிக்கொள்ளாது. இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்லுவேன்.

என் தங்கை சண்முகசுந்தரி இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளை வளர்த்தவன் நான்தான். கடைத்தெரு ஏசுதாசன் மகன் நல்லதம்பியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு, நம் ரத்தம் என்ன, அவன் ரத்தம் என்ன என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“கலப்புலதான் சுல்தானுக்கு இம்புட்டு உரம் வந்துதுன்னு நீங்கதானண்ணே சொல்லுவிய. குதிரைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?” என்றாள்.

வேலைக்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தை மாதம் அவர்கள் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊரில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மன் கோயில் கொடை விழாவில் எனக்குக் கட்டவேண்டிய பரிவட்டத்தை வேறொருவருக்குக் கட்டினார்கள், அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கினேன். முடிவு அன்றைக்கே செய்ததுதான்.

சுல்தானுக்கு முன்னங்கால் ஒன்றில் கோளாறு இருந்தது. குளம்புக்குள் இருக்கும் சின்ன எலும்பு கெட்டுப்போய் நொண்ட ஆரம்பித்திருந்தது. முந்தின வருஷம் மதராஸிலிருந்து ஒரு மிருக டாக்டரை வரவழைத்து, அந்தக் குளம்புக்குப் போகும் நரம்பை வெட்டச் சொல்லியிருந்தேன். வலி நின்றுவிட்டது. நோய் நிற்கவில்லை.

“சமதரையில சும்மா நடக்க விடுங்க. வண்டியில பூட்டி இறக்கத்துல ஓட்டினா ஒரு நாள் அந்தக் கால் மடங்கிடும். அதுவரைக்கும் குதிரைக்கே தெரியாது” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல குதிரையாகத்தான் தெரிந்தது.

நல்லதம்பி சீசனுக்கு ஐந்தருவியில் எண்ணெய்க்கடை போடுகிறவன். தினமும் ஏறி இறங்கவேண்டிய பிழைப்பு. நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சமாதானமாகப் பேசினேன். ஆடி பிறந்ததும் முறைப்படி சீர் கொண்டுபோனேன். வேட்டி, சேலை, பழத்தட்டு, அதோடு ஒரு புது ஜட்கா, அதில் பூட்டிய சுல்தான். நல்லதம்பி குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். தலை ஆடிக்குப் பெண் பிறந்த வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லித் தங்கையை என்னோடு கூட்டிவந்தேன். மாதம் முடியும்வரை அவள் அந்த வண்டியில் ஏறப்போவதில்லை. அதற்குள் காரியம் முடிந்துவிடும். தங்கைமேல் எனக்கு இருந்த பாசத்தையும் நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும், ஐயா.

ஆனால் ஏசுதாசன் வீட்டில் ஆடி என்று ஒன்று கிடையாது. அவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள். எங்கள் வழக்கம் நல்லதம்பியைக் கட்டாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய்விட்டு நேரே எங்கள் வாசலில் வந்து வண்டியை நிறுத்தினான். அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவன் அன்றைக்குத்தான் உறவு சொன்னான்.

“மச்சான், அருவியில தண்ணி நல்லா விழுது. சுந்தரியக் கூட்டிட்டுப் போயி குளிச்சிட்டு, பொழுது சாயுமுன்ன கொண்டாந்து விட்டுருதேன்.”

அவள் மாற்றுச்சேலையோடு நின்றாள். “ஆடியில சேந்து போகக்கூடாதுல்லா” என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அதுதான்.

“பகல்ல போயிட்டு வாரதுக்கு என்னண்ணே? நீங்களும் வாரியளா?” என்று சிரித்தாள்.

எனக்குத் தலைவலி என்றேன்.

சாயந்தரம் இறங்கும்போது கால் மடங்கியிருக்கிறது. சுல்தான் நிற்கவில்லை. முறிந்த காலோடு வளைவுவரை ஓடியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். லாடம் அப்போதுதான் பிய்ந்திருக்கவேண்டும். வண்டி பள்ளத்தில் விழுந்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். சுல்தான் மட்டும் மூன்று காலில் எழுந்து நின்றதாம். அதைக் கேட்டபோது ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நிமிஷத்தை நினைத்தால் என் முகத்தை நானே பார்க்கக் கூசுகிறது.

அவன் மட்டும் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன், தங்கை போனது விதி என்று இங்கே வருகிற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். குதிரைக்குக் கால் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். நின்று, தெரிந்தேதான் கொடுத்தீர்களா என்று கேட்டிருப்பாள். அவள் சாவதைவிட அவள் அப்படிக் கேட்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஜட்காவின் படி உயரம். சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறத் தடுமாறினாள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டது நான்தான், ஐயா.